ஒரே பிளிறலில் இரண்டு ஆட்டம்

மிருகங்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கோடையில் காடே வறண்டு, மலையுச்சிச் சுனை மட்டும் மிஞ்சியது. இரண்டு கூட்டத்துக்குத்தான் அதில் தண்ணீர் போதும். பன்றி, நரி, முயல், மான் ஆகிய நான்கு கூட்டமும் அடித்துக்கொள்ளாமல் பந்தாடித் தீர்த்துக்கொள்ள முடிவெடுத்தன. ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். வென்றால் மூன்று புள்ளி, சமமானால் ஒன்று, தோற்றால் வெறுங்கை. முதல் இரண்டு இடத்துக்குச் சுனை. நடுவர் யானையார். ஓர் ஆட்டத்தையும் தவறவிட மனசு வராமல், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் விடியும்போது பன்றிகளிடம் ஆறு புள்ளி, முயல்களிடமும் நரிகளிடமும் மும்மூன்று. காலையில் முயல்கள் மான்களோடு சமமாக முடித்து நான்கில் நின்றுவிட்டன. மாலையில் நரிகள் பன்றிகளை வென்றால் முயல்கள் வெளியே. முயல் தலைவி வெள்ளச்சியின் குட்டிகள் நாக்கு நனைத்து இரண்டு நாளாயிற்று.

நரித் தலைவன் பன்றித் தலைவனை ஓரங்கட்டினான். "மச்சான், முயலுங்க நாலோட நின்னுபோச்சு. இனி நீ தோத்தாலும் சுனை உனக்குத்தான். ஒரே ஒரு கோல் விட்டுக்குடேன்."

பன்றிகளின் கோல்கீப்பர் கொட்டாவி விட்டபடி விலகி நின்றான். பந்து உருண்டு உள்ளே போனது. நரிகள் வென்றன.

வெள்ளச்சி நேரே யானையாரிடம் போனாள். "ஐயா, எங்க கதை முடிஞ்சது தெரிஞ்சதாலதானே இவங்க இப்படி ஆடுனாங்க? மலைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு ஆட்டத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சு விடுங்க."

"அப்புறம் நான் எதைப் பாக்குறது?"

"உச்சியில நில்லுங்க. ரெண்டும் தெரியும்."

யானையாருக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றைய இரண்டு ஆட்டத்தையும் அழித்துவிட்டு, திரும்ப ஆடச் சொன்னார்.

மறுநாள் உச்சியில் நின்று ஒருமுறைதான் பிளிறினார். மலையின் இருபுறமும் இரண்டு பந்து ஒன்றாக எழும்பின. அப்படியொரு காட்சியை அந்தக் காடு கண்டதேயில்லை. பறவைகள்கூடப் பறக்க மறந்து உட்கார்ந்திருந்தன. அங்கே முயல்கள் வென்று, இங்கே தாங்கள் தோற்றால் மூன்று கூட்டமும் ஆறில் நிற்கும்; அதனால் மலைக்கு அப்பால் ஆரவாரம் எழும்போதெல்லாம், அது யாருக்கென்று தெரியாமல் பன்றிகள் உயிரைக் கொடுத்து ஓடின. வெள்ளச்சியும் அந்தப் பக்கத்துச் சத்தத்துக்குக் காதை விடைத்து விடைத்து ஓடினாள். ஒன்றும் விளங்கவில்லை. கடைசி நிமிடத்தில் பந்து காலுக்கு வந்தது. அங்கே என்ன ஆனால் என்ன என்று ஓங்கி அடித்தாள். உள்ளே போனது.

அதற்குப் பிறகுதான் உச்சியிலிருந்து சேதி வந்தது. நரிகள் தோற்றுவிட்டன. அன்று சாயங்காலம் முயல் குட்டிகள் சுனையில் வாய் வைத்தன.

உலகக் கால்பந்துப் போட்டிகளில் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்குவது அன்று முதல்தான். முயலின் காது இன்னும் இறங்கவில்லை.