வேதவல்லி எழுதிய ஏழு வரி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மடத்தில் ஒரு சாமி, அவருக்கு ஒரே ஒரு சீடர். சாமிக்கு நாற்பத்தாறு வயது, சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் தணிகாசலத்தின் காலில் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப்போய்க் கீரைப் பாத்தியில் குந்தியிருக்கும் சாமியைக் கைகாட்டுவார். சாமிக்கு அது பெரிய வேடிக்கை.

தணிகாசலம் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற மனு ஒவ்வொன்றையும் படித்து, அதன் தலையில் 'பொருள்' என்று போட்டு, சாரத்தை ஒரே வரியில் எழுதுவது அவர் வேலை. எவனோ ஒரு விவசாயி நாலு பக்கத்துக்கு அழுது எழுதியிருப்பான். இவர் 'பொருள்: பட்டா மாறுதல் கோருதல்' என்று முடித்துவிடுவார். முப்பது வருஷம் இப்படியே ஓடியது. அந்த ஒரு வரிக்காகவே மேலதிகாரிகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

மகளுக்குக் கல்யாணம் ஆனது, ஓய்வும் வந்தது. இனித் தனக்குக் கடமை ஒன்றும் பாக்கியில்லை, மடத்துக்குப் போய்ச் சந்நியாசம் வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று மனைவி வேதவல்லியிடம் சொன்னார். அவளும் "போயிட்டு வாங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டு கிளம்பி வந்தவர்தான். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. விடியலில் எழுந்துவிடுவார், ஒருவரையும் கடிந்து பேசமாட்டார். மடத்துக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பொருள் எழுதி வைக்கும் வேலையைச் சாமி அவருக்கே கொடுத்திருந்தார். சாமி அந்தப் பொருளையும் பார்ப்பார், கடிதத்தையும் படிப்பார். சில நாள் தலையசைப்பார். சில நாள் வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்தால் தணிகாசலத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

காவி எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்காத மாதம் இல்லை. கடைசியில் சாமி ஒப்புக்கொண்டார். வருகிற பௌர்ணமிக்குத் தருகிறேன், ஆனால் அதற்கு முதல்நாள் நான் எடுத்துக் கொடுக்கிற ஒரு கடிதத்துக்குப் பொருள் பிசகாமல் சொல்ல வேண்டும் என்றார். தணிகாசலத்துக்கு உள்ளூரச் சிரிப்பு. மீன் குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையா?

முதல்நாளும் வந்தது. வேட்டியும் துண்டும் காவியில் தோய்ந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. தபால்காரர் நாலு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். சாமி புரட்டிப் பார்த்து, அதில் ஓர் இன்லேண்டு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

எழுத்தைப் பார்த்ததும் தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது, வேதவல்லி எழுதியது. எனக்குக் கடிதம் போடாதே என்று அவர் சொல்லிவிட்டு வந்திருந்ததால், அவள் மாதம் ஒரு முறை சாமிக்கு எழுதுவாள். அவற்றையும் மற்றக் கடிதங்களைப் போலவே படித்து, 'பொருள்: குடும்ப நலம்' என்று எழுதிக் கடிதக் கட்டோடு சேர்த்துவிடுவார் அவர். பற்று இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கடிதம் ஒரே பத்தி, ஏழே வரி.

'சாமிக்கு வேதவல்லி நமஸ்காரம். இங்கு நலம், அங்கு அனைவரின் நலமும் அறிய ஆவல். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர்தான் கிடக்கிறது. சிவப்புப் பசு கன்று போட்டது, ஆனால் பால் இறங்கவில்லை. மேற்குப் பக்கம் நான்கு ஓடு உடைந்துவிட்டது, பார்க்க ஆள் இல்லை. சோறு தினமும் மீந்துபோகிறது, கைக்கு அளவு இன்னும் பழகவில்லை. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.'

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'பொருள்: மேற்குப் பக்கக் கூரை பழுது, ஆள் அனுப்பக் கோருதல்' என்று எழுதி நீட்டினார்.

சாமி பார்த்தார். "நாலு ஓட்டுக்கா அந்தம்மா பேனா எடுத்தாங்க?" என்றார்.

தணிகாசலம் திரும்ப வாங்கிக்கொண்டார். மழை இல்லாததால் கிணறு வற்றியது, கிணறு வற்றியதால் புல் இல்லை, புல் இல்லாததால் பால் இல்லை. ஆகவே வறட்சிதான் என்று வைத்துக்கொண்டு எழுதினார். சாமி சிரித்தார். அடுத்து ஒரு வரியையும் விடக்கூடாது என்று எல்லாவற்றையும் வளைத்துப் போட்டு, 'குடும்பப் பராமரிப்பில் ஏற்பட்டுவரும் பல்வேறு இடர்ப்பாடுகள் தொடர்பாக' என்று எழுதினார்.

"பல்வேறு இடர்ப்பாடுகள்" என்று சாமி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "இப்படி ஒரு வார்த்தை அந்தம்மா வாயிலேர்ந்து எப்பவாச்சும் வந்திருக்கா, பெரியவரே?"

தணிகாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. கொடியில் காயும் துணியை ஒருதரம் பார்த்தார். மூன்று வருஷத் தவம் ஒரு வீட்டுக் கடிதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"சாமி, நானே கேட்டுடறேன். ஒரு பத்தியில பல சங்கதி இருக்கு. அதுல எது முக்கியம், எது சும்மா கூட வந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சாமி உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

"வரி வரியா வெட்டுங்க. எந்த வரி யாருக்கோ அவங்ககிட்ட பட்டுவாடா பண்ணிட்டு வாங்க."

தணிகாசலம் திடுக்கிட்டார். வந்த தபாலைச் சிதைப்பது குற்றம் என்று முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவர் அவர். சாமி கத்தரிக்கோலை அவர் கையில் வைத்துவிட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் தணிகாசலம் வெட்டினார். வேதவல்லிக்கு எழுத்து நேராக வராது, வரி மேலே ஏறிக்கொண்டே போகும். அதற்குத் தக்கபடி கத்தரிக்கோலைச் சாய்த்துச் சாய்த்து வெட்ட வேண்டியிருந்தது.

நமஸ்காரத்தையும் நலம் விசாரித்ததையும் சாமியின் மணையில் வைத்தார். அவை சாமிக்குத்தானே.

மதில் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் துலுக்காணம் ஓடு பற்றிய துண்டை வாங்கிக்கொண்டார். நாலு ஓடுதானே, புதன்கிழமை அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறேன், ஏறி மாற்றிவிட்டு வருகிறேன் என்றார். துண்டை மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

மாட்டுக் கொட்டகை எல்லப்பன் பசுத் துண்டைப் படிக்கக் கேட்டதும், எத்தனை நாள் கன்று, தாய் என்ன தின்கிறது என்று விசாரித்தான். தணிகாசலத்துக்குப் பதில் தெரியவில்லை. பருத்திக்கொட்டையும் கருப்பட்டியும் அரைத்து வைக்கச் சொல்லுங்கள், மூன்றாம் நாள் மடி சுரக்கும் என்றான். சின்ன வயதில் கிணறு வெட்டப் போனவன் என்பதால் மழைத் துண்டையும் அவனே வாங்கிக்கொண்டான். கார்த்திகையில் ஒரு மழை பிடிக்கும், அதற்குள் அடிச்சேற்றை வாரிவிட்டால் ஊற்று திறந்துகொள்ளும் என்றும் சொன்னான்.

தணிகாசலத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவ்வளவு சுலபமாகத் தீர்கிற காரியங்களுக்கா அவள் மாதா மாதம் மெனக்கெட்டு எழுதுகிறாள்? இரண்டு துண்டுதான் பாக்கி. அதில் சோற்றுத் துண்டு சமையற்கட்டுக்குப் போக வேண்டியது, பார்த்தாலே தெரிகிறது.

மடத்துச் சமையல் பச்சையம்மாள் கையில். எழுதப் படிக்கத் தெரியாதவள். குழம்பைக் கிளறியபடியே, "என்னன்னு படிங்க ஐயா" என்றாள்.

"சோறு தினமும் மீந்துபோகிறது, கைக்கு அளவு இன்னும் பழகவில்லை" என்று தணிகாசலம் படித்தார். படித்த கையோடு யோசனையும் சொன்னார். "ஒரு ஆழாக்கு கொறைச்சுப் போடுன்னு எழுதிடலாம். நீ என்ன சொல்ற?"

பச்சையம்மாள் கரண்டியைத் தட்டி வைத்தாள்.

"எத்தினி வருஷமா ஆக்குற கை அது?"

"முப்பத்தாறு வருஷம்."

"முப்பத்தாறு வருஷம் ஆக்குன கைக்கு ஆழாக்கு கொறைக்கத் தெரியாமலா போவும்?" அவள் அவரையே பார்த்தாள். "அதுக்கப்புறம் என்ன எழுதியிருக்காங்க?"

கடைசித் துண்டை எடுத்தார். "மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை."

"அத்த எழுதிட்டு, ஒண்ணுமில்லன்னு முடிச்சிட்டாங்களா?"

தணிகாசலம் தலையசைத்தார்.

"இது எனக்கு வந்ததில்ல ஐயா. வேற யாருக்கோ வந்தது" என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் மறுபடியும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தணிகாசலம் இரண்டு துண்டுகளோடு முற்றத்தில் வந்து நின்றார். துலுக்காணத்துக்கு இல்லை, எல்லப்பனுக்கு இல்லை, பச்சையம்மாளுக்கு இல்லை. சாமிக்கா? சாமி அந்த வீட்டுச் சோற்றைக் கண்ணால்கூடப் பார்த்தவர் இல்லை.

சோற்றுத் துண்டை இன்னொரு முறை படித்தார். இந்தத் தடவை சிவப்புப் பேனாவுக்குக் கை போகவில்லை. இரண்டு பேருக்கு அரிசி களைகிற கை தெரிந்தது. ஒரு தட்டுக்குப் போட்டுவிட்டு, பானையில் பாதிக்கு மேல் இருப்பதைப் பார்த்து நிற்கிறவள் தெரிந்தாள். மறுநாளும் அதே அளவு. மூன்று வருஷத்துக்கு முப்பத்தாறு கடிதம் வந்திருக்கும். 'குடும்ப நலம்' என்று எழுதிக் கட்டி வைத்த அந்தக் கடிதங்களில் எந்தெந்த வரியை எல்லாம் தாண்டிப் போனோமோ என்று நினைத்தார். அப்படியே மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். துலுக்காணம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூச்சு வேலையைத் தொடர்ந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோதுதான் எழுந்து சாமியிடம் போனார்.

"பட்டுவாடா ஆச்சா, பெரியவரே?"

"ரெண்டு துண்டு யாரும் வாங்கிக்கல, சாமி."

"ஏன்?"

"அது எனக்கு வந்தது."

சாமி செம்பைக் கீழே வைத்தார். "பொருள்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். கோருதல், தொடர்பாக என்று முப்பது வருஷம் கைகொடுத்த வார்த்தை ஒன்றுகூட இப்போது வரவில்லை.

"எனக்கும் சேத்துதான் இன்னும் ஆக்குறா, சாமி" என்றார்.

சாமி சிரிக்கவில்லை. பாத்தியிலிருந்து எழுந்து வந்து, மண் ஒட்டிய கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷமாகக் கூடவே இருந்த மனுஷர்மேல் சாமிக்கு இருந்த பிரியம் அந்தப் பிடியில் தெரிந்தது.

"சரியா சொல்லிட்டீங்க" என்றார்.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பதில் என்னன்னு எழுதறது, சாமி?"

"எழுத வேணாம். மூணரைக்கு பஸ் இருக்கு."

"நாளைக்குக் காவி..."

"துணிக்கு ஒண்ணும் அவசரமில்ல, பெரியவரே. அந்தம்மா கைக்கு அளவு பழகிடறதுக்குள்ள போய்ச் சேருங்க."