நிழலுக்கு வரும் கெண்டைகள்

“இருபத்திரண்டு வருஷம் இந்த ஆத்துல லட்சக்கணக்குல கெண்டைக் குஞ்சு விட்டேன் அம்மா. அப்புறமும் ஏன் மீன் குறைஞ்சுக்கிட்டே போகுது?”

கேட்டவர் வேலாயுதப்பெருமாள். மூடிப்போன மீன்பண்ணையின் பழைய மேலாளர். ஆற்றங்கரையில் தனியாக வாழும் துறவி மாசிலாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் சீடராகச் சேர்ந்துவிட்டார். மனசு உறுத்தினால் வயசா பார்க்க முடியும்?

“தாய்மீனை எப்படிப் பொறுக்குவீங்க, ஐயா?”

“கையைத் தட்டுவேன். பயப்படாம ஓடி வந்து தவிட்டுருண்டை தின்னுறதை இனவிருத்திக்கு வெச்சுக்குவேன். மிரண்டு மூலையில ஒதுங்குறது தொட்டிக்கு லாயக்கில்ல. கறிக்குப் போயிடும்.”

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வேறு.

மாசிலா அவரைப் பாறை விளிம்புக்குக் கூட்டிப்போனாள்.

“நில்லுங்க. உங்க நிழல் தண்ணியில விழட்டும்.”

விழுந்தது. முப்பது நாற்பது கெண்டைகள் முண்டியடித்துக்கொண்டு நிழலுக்குள் வந்து வாயைத் திறந்தன.

பெருமாளுக்கு வாயெல்லாம் பல். “பாருங்க, என் பிள்ளைங்க! இன்னும் என்னை மறக்கல!”

“பண்ணையை மூடி எட்டு வருஷமாச்சு. இதெல்லாம் ஆத்துலயே பொறந்ததுங்க. இதுங்களுக்கு யாரும் ஒரு பருக்கை போட்டதில்ல.”

சிரிப்பு நின்றது.

“நீர்நாய் நிழலுக்கும் இப்படித்தான் வருதுங்க,” என்றாள்.

அவர் குனிந்து ஆழத்தைக் கண்ணால் துழாவினார்.

“நிழலைக் கண்டா ஓடுற பழைய ஆத்து இன மீனு ஒண்ணுகூடவா இல்ல?”

“நின்னு பாருங்க.”

நின்றார். மறுநாளும் வந்து நின்றார். கால் வீங்கிப்போனது. மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு முழ நீளத்தில் கறுத்த கெண்டை ஒன்று, அவர் நிழல் பட்டதும் விருட்டென்று பாறைக்கு அடியில் பாய்ந்தது.

மனுஷன் குழந்தையாகிவிட்டார்.

“அம்மா! ஓடுது அம்மா! என்னைப் பார்த்துப் பயந்து ஓடுது! ஒண்ணு மிச்சமிருக்கு!”

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த மூன்று நாளில் அவர் வேண்டாத சாமி இல்லை.

“நானும் பார்த்தேன், ஐயா. பொட்டை மீன். வயிறு நிறைய சினை.”

“அப்படின்னா பெருகிடும்ல?”

மாசிலா அவர் நிழலுக்குள் வாயைத் திறந்து காத்திருந்த கூட்டத்தைக் காட்டினாள்.

“அதுக்கு மாப்பிள்ளை இதுல இருந்துதான் போகணும்.”