கால் நனைக்கப் போன மருதாயி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கழுதைகளுக்குக்கூட அவ்வப்போது பேச்சு வந்துகொண்டிருந்த காலத்தில், ஒன்பது குன்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. சுற்றிலும் குன்றுகள், நடுவில் அரண்மனை. அந்த அரண்மனைச் சமையற்கட்டில் அரைக்கவும் இடிக்கவும் இருந்தவள் மருதாயி.

மருதாயிக்கு ஏழு வயதாக இருந்தபோது, உப்பு விற்க வந்த வணிகர் ஒருவர் அவளிடம் கடலைப் பற்றிச் சொன்னார். "இந்தக் கரை தெரியும் பாப்பா, அந்தக் கரை தெரியாது. நீ நடந்து போக வேண்டாம், சும்மா நின்னா போதும். தண்ணியே ஓடி வந்து உன் காலைத் தொடும்."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது ஆசை. தண்ணீர் ஓடி வந்து காலைத் தொடுமாமே! யார் என்ன கேட்டாலும் மருதாயி ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "கடலுக்குப் போறேன். கால் நனைக்கப் போறேன்."

அப்பா, "கல்யாணம் ஆகட்டும்" என்றார். கல்யாணம் ஆனது. மாமியார், "ஒரு பிள்ளை பிறக்கட்டும்" என்றாள். பெண் பிறந்தது. ஊரார், "பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போ" என்றார்கள். அந்தப் பெண் வளர்வதற்குள் கடலுக்குப் போகும் வழியே அடைபட்டுப் போனது.

எப்படி என்கிறீர்களா? புகையன் என்று ஒரு மந்திரவாதி. அவன்தான் குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு பனிமூட்டத்தை எழுப்பினான். உள்ளே போன வணிகர்கள் திரும்பவில்லை. தேடிப்போன வீரர்களும் திரும்பவில்லை. பத்து வருடமாக நாட்டுக்கு உப்பு வரவில்லை. ஜனங்கள் சப்பென்ற கஞ்சியைக் குடித்துக் குடித்து உப்பின் ருசியையே மறந்துபோனார்கள். அரண்மனையில் மட்டும் பழைய உப்பு கொஞ்சம் இருந்தது. அதை இடித்துச் சலிப்பது மருதாயியின் வேலை.

அவள் மகளுக்கும் கல்யாணம் ஆன மறுவாரம், மருதாயி தலைமைச் சமையல்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு விடை கொடுங்க. கடலுக்குப் போறேன். கால் நனைக்கப் போறேன்."

அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "வாளெடுத்துப் போனவனே வரல. உலக்கை பிடிக்கிற நீ போயி என்ன செய்வே?"

மருதாயி கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் சடையப்பன் ஆடு மேய்ப்பவன். பாறையிலிருந்து விழுந்ததில் ஒரு கால் ஊனம். தடியை ஊன்றித்தான் நடப்பான். அவனைப் பார்த்ததும் அவள் மனசு இளகிவிட்டது.

"நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகலீங்க."

சடையப்பன் மடியிலிருந்த ஆட்டுக்குட்டியின் காதைத் தடவினான்.

"நமக்குக் கல்யாணமான அன்னைக்கு, பந்தல்ல உட்கார்ந்துக்கிட்டு என்கிட்ட என்ன சொன்னே ஞாபகம் இருக்கா? கடலுக்குக் கூட்டிப்போவீங்களான்னு கேட்டே. சரின்னு தலையாட்டினேன். கால் போயிடுச்சு. அதுக்காக உன் ஆசையும் நொண்டணுமா? போயிட்டு வா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போயிட்டு வா."

விடிந்ததும் அவனே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தான். மருதாயி நடந்தாள். ஒரு குன்று ஏறி இறங்கினாள், இரண்டு குன்று ஏறி இறங்கினாள், மூன்றாவது குன்றைத் தாண்டியதும் எதிரே பனிமூட்டம் சுவர் போல நின்றது. அதன் ஓரத்தில் ஒரு கிழட்டுக் கழுதை காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பாவமாக இருக்கவே, சோற்றில் பாதியை எடுத்து வைத்தாள்.

கழுதை தின்று முடித்து, "நல்லா இருந்துச்சு தாயி" என்றது.

மருதாயி நாலடி பின்னால் போனாள். "நீ பேசுவியா?"

"பத்து வருஷம் புகையன்கிட்ட கல் சுமந்தேன். அவன் ஓயாம மந்திரம் முணுமுணுப்பான். கேட்டுக் கேட்டுப் பேச்சு வந்துடுச்சு. இப்ப கிழம்னு துரத்திட்டான். ஆமா, நீ எங்கே கிளம்பிட்டே?"

"கடலுக்குப் போறேன். கால் நனைக்கப் போறேன்."

கழுதை பெருமூச்சு விட்டது. "உள்ளே மூணு வாசல் இருக்கு தாயி. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு கேள்வி. பதில் சொன்னாத்தான் திறக்கும். ஆனா நீ எதைச் சொல்றியோ அது உனக்கு மறந்துடும். எல்லாத்தையும் மறந்தவங்களைப் புகையன் பிடிச்சுக் கோட்டை கட்டக் கல் சுமக்க வைக்கிறான். கழுதைகிட்ட ஒண்ணும் கேட்கிறதில்லை. அதனால நான் தப்பிச்சேன். திரும்பிப் போயிடு."

மருதாயி யோசித்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா நெஞ்சுக்குள்ள வச்சிருக்கேன். கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டிருக்காதா? துணைக்கு வரியா?"

பாதிச் சோறு தின்ற கழுதை எப்படி மாட்டேன் என்று சொல்லும்? வந்தது.

முதல் வாசலில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "எந்த ஊர்?"

"ஒன்பது குன்று நாடு" என்றாள். சொன்ன சொல் வாயிலிருந்து புகையாகக் கிளம்பிப் போயே போனது. வாசல் திறந்தது. எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாசல். "நீ யார்?"

"மருதாயி. சடையப்பன் பெண்டாட்டி." இரண்டு பேரும் புகையாகப் போனார்கள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எதற்கு அழுகிறோம் என்றே தெரியவில்லை.

மூன்றாவது வாசல். "எங்கே போகிறாய்?"

"கடலுக்குப் போறேன். கால் நனைக்கப் போறேன்."

அதுவும் போனது.

வாசல் திறந்ததும் அப்பாலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. ஓ... என்று கிளம்பி, தடாரென்று விழுந்து, மறுபடியும் ஓ... என்று கிளம்பியது. மருதாயி காதைப் பொத்திக்கொண்டாள்.

கழுதை பதறியது. "தாயி, நீ கடலைப் பார்க்க வந்தே!"

"கடலா? அப்படின்னா என்ன?"

அப்போது பனி திரண்டு ஆள் வடிவமானது. புகையன்! தேன் தடவிய குரலில் பேசினான். "பயப்படாதே பெண்ணே. உறுமுகிறது ஆளை விழுங்கும் பூதம். அந்தப் பக்கம் போகாதே. என்னோடு வா. சூடாகச் சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு. பகலில் கொஞ்சம் கல் சுமந்தால் போதும்."

பனிக்குள் நூற்றுக்கணக்கான பேர் கல் சுமந்து போவது மங்கலாகத் தெரிந்தது. யார் முகத்திலும் வருத்தம் இல்லை. சந்தோஷமும் இல்லை. மருதாயிக்கு அசதியாக இருந்தது. பாய் என்றதும் உட்காரத் தோன்றியது. ஓரடி அவன் பக்கம் எடுத்து வைத்தாள்.

அந்த நேரம் உறுமல் வந்த பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. உதட்டில் என்னவோ படிந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

உப்பு!

அங்கே கல் சுமந்த வணிகர்கள் மேலும் வீரர்கள் மேலும் தினமும் இதே காற்றுதான் அடித்தது. ஆனால் புகையன் போட்ட சப்பென்ற சோற்றில் அவர்கள் நாக்கு மரத்துப் போயிருந்தது. மருதாயியின் நாக்கு அப்படியா? நேற்றைக்கும் உப்பு இடித்த கை, நேற்றைக்கும் பதம் பார்த்த நாக்கு. ஊர் மறந்தாலும் பெயர் மறந்தாலும் அதற்கு இந்த ருசி தெரிந்தது. நெஞ்சுக்குள் எங்கேயோ ஆழத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்றாள் மருதாயி. "ஆனா நான் இந்தப் பக்கம்தான் போகணும்."

"போனால் செத்துப்போவாய்!" என்று கத்தினான் புகையன்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அடிமேல் அடி வைத்து உறுமலைப் பார்த்தே நடந்தாள். கழுதையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் வந்தது. உறுமல் பெரிதானது. இன்னும் பெரிதானது. இதோ விழுங்கப்போகிறது என்று நினைத்த நொடியில் ஏதோ சில்லென்று ஓடி வந்து அவள் காலைத் தொட்டது.

அவ்வளவுதான்! புகையனின் மந்திரமெல்லாம் அந்தப் பயத்தில்தான் இருந்தது. ஒருத்தர் பயத்தைத் தாண்டிப் போய்க் கடலைத் தொட்டுவிட்டால், அது அறுந்துபோகும். பனி கிழிந்தது. வெயில் பாய்ந்தது. புகையன், ஊதி அணைத்த திரியின் புகை மாதிரி நெளிந்து கலைந்தான்.

எதிரே கடல். நீலமாக, பச்சையாக, வெள்ளையாக, அந்தக் கரையே இல்லாமல்.

"கடல்" என்றாள் மருதாயி. பிறகு, "நான் மருதாயி" என்றாள். பிறகுதான், "ஐயோ, அவர் தனியா இருப்பாரே!" என்று தவித்தாள்.

கல் சுமந்தவர்கள் கல்லைப் போட்டார்கள். "என் பிள்ளை!" "என் வீடு!" என்று ஒவ்வொருவராக நினைவு வந்து அழுதார்கள், சிரித்தார்கள். மருதாயியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வணிகர்கள் உப்பை வாரிக் கட்டிக்கொண்டு குன்று நாட்டுக்கு ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று மாலை அந்த நாட்டில் உப்புப் போட்ட கஞ்சியைக் குடித்து அழாதவர் இல்லை.

ராஜா ஆள் அனுப்பிக் கேட்டார்: "மருதாயிக்கு என்ன வேண்டும்? பொன்னா, பூமியா?"

"கடலைப் பார்த்த மாதிரி ஒரு குடிசை போதும்" என்றாள். குடிசை எழும்பியது. ஆனால் அவள் அதற்குள் போகாமல் வாசலிலேயே நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால், கழுதை சடையப்பனை அழைத்து வரப் போயிருந்தது.

நான்காம் நாள் வந்து சேர்ந்தார்கள். கழுதை மேலே சடையப்பன், அவன் மடியில் ஆட்டுக்குட்டி. மருதாயி அவனை இறக்கி, தோளைக் கொடுத்து, மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் கூட்டிப்போனாள். அலை வந்தது, இரண்டு பேர் காலையும் தொட்டது, மணலை அரித்துக்கொண்டு பின்வாங்கியது.

சடையப்பன் அவள் கையை இறுகப் பற்றினான். "மருதாயி! தரை ஓடுது!"

"தரை ஓடலீங்க. தண்ணிதான் போகுது" என்றாள் அவள். "பயப்படாம நில்லுங்க. அதோ, திரும்ப வருது பாருங்க."

வந்தது. இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. மருதாயிக்குக் கைகூடினது இந்தக் கதையைக் கேட்ட எல்லாருக்கும் கைகூடட்டும்!