சுவரைப் பார்த்து நின்ற கார்

“இன்னைக்கு இவளை நகர்த்திக் காட்டுங்க. இல்லைன்னா நேரா கொண்டுபோய் இவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துருவேன். எனக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

ஆவுடையப்பன் இதைச் சொன்னது ஆசிரமத்து வாசலில் நின்றுகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல். அவருக்குப் பொறுமை இருந்ததாக அம்பாசமுத்திரத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

எதிரே நாச்சியார் நின்றிருந்தார். மலையடிவாரத்தில் நாலு கொட்டகை போட்டு, வருகிறவர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கிறவர். வயது நாற்பதுதான் இருக்கும். வருகிறவர்களெல்லாம் ‘அம்மா’ என்பார்கள். அறுபதைத் தொட்ட ஆவுடையப்பனுக்கு அது வாயில் வராது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் கண்ணைத் திறந்து கத்த ஆரம்பிப்பார்.

“யாரை அண்ணாச்சி நகர்த்தணும்?”

“யாரையா? அந்தா, காருக்குள்ள இருக்காளே மகராசி, அவளைத்தான்!”

கார் மதில் சுவரை முட்டுகிற மாதிரி நின்றிருந்தது. வாசலில் திரும்பியதும் ரெண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோன கார். சாவியைத் திருகித் திருகி ஆவுடையப்பனுக்கு விரல் வலித்ததுதான் மிச்சம். அந்தக் கோபம் வேறு.

முன் சீட்டில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் கிடந்தது. கண் சுவரில் இருந்தது.

“என்ன செய்யுது அவங்களுக்கு?”

“ஒண்ணும் செய்யலை. அதுதான் வியாதியே!”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு கொட்டித் தீர்த்தார்.

“எங்க அம்மா காரியம் முடிஞ்ச மறுநாள் உக்காந்தவ. இன்னும் எந்திரிக்கலை. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். குத்தாலத்துக்கு இழுத்துட்டுப் போனேன், அருவியில நிக்கச் சொன்னா நிக்கா, வான்னா வந்து உக்காருதா. சொந்தத்துல கல்யாணம்னு இழுத்துட்டுப் போனேன். பந்தியில அத்தனை பேருக்கு முன்னால இலையைப் பார்த்துட்டே இருக்கா. என் மானம் போச்சு! இழுக்க இழுக்க மோசமாத்தான் போறா.”

“முன்னாடி எப்படி இருந்தாங்க?”

“முன்னாடியா? அடேயப்பா! எங்க கடைக்குச் சரக்கு எடுக்கறது அவ, கணக்குப் பாக்கறது அவ. ரெண்டு பொண்ணுகளையும் படிக்க வச்சுக் கட்டிக் குடுத்தது அவ. எங்க அம்மா படுக்கையில கிடந்தப்போ பீ மூத்திரம் அள்ளினது அவ. இப்ப ஒரு செம்புத் தண்ணி கேட்டா ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கா. கொழுப்புதான? வேற என்ன?”

நாச்சியார் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சும்மா நிற்கிறவர்களைக் கண்டால் ஆவுடையப்பனுக்கு ஆகாது. விறுவிறுவென்று போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

“எறங்குளா!”

உலகம்மாள் அசையவில்லை.

மணிக்கட்டைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். அவள் பாதி சரிந்தாள். முழங்கால் கதவில் இடித்தது. ‘ஆ’ என்றுகூடச் சொல்லவில்லை. விட்டதும் பழையபடி சாய்ந்துகொண்டாள்.

“கையை எடுங்க!”

நாச்சியார்தான் கத்தியது. அவர் கத்தி அந்த மலையடிவாரத்தில் யாரும் கேட்டதில்லை. முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது.

ஆவுடையப்பனும் விடவில்லை. “என் பொண்டாட்டி, நான் இழுப்பேன்! உங்களால ஆகாதுன்னா சொல்லுங்க. போன் போட்டிருக்கேன், வண்டி வருது. இவ அண்ணன் வீடு போற வழிதான்.”

சொல்லி வாய் மூடவில்லை, பழுதான காரை இழுத்துப் போகிற ரெக்கவரி வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்த செல்வின் இறங்கிக் காரைப் பார்த்தான். மூக்கு சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. முன்பக்கம் போக வழியில்லை. சரிதான் என்று சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்தான்.

“ஏல! ஏல! என்னல பண்ணுத?”

“பின்னால தூக்கி இழுத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி. சட்டுனு முடிஞ்சிரும்.”

“சட்டுனு முடிஞ்சிருமா? என் கார்தான் முடியும்! அறிவு இருக்கால உனக்கு?”

செல்வின் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

நாச்சியார் பக்கத்தில் வந்தார். “ஏன் அண்ணாச்சி சத்தம் போடுதீங்க? மாட்டட்டுமே. உங்க கார்தான? இழுத்தா வரட்டும்.”

இப்போது ஆவுடையப்பனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. குரு என்றும் பார்க்கவில்லை.

“உங்களுக்கு என்ன தெரியும்? தியானத்தோட நிறுத்திக்கோங்க! இது முன் சக்கரத்துல ஓடற வண்டி. அதுவும் ஆட்டோமேட்டிக் கியர். இன்ஜின் ஓடும்போதுதான் கியருக்குள்ள எண்ணெய் சுத்தும். இப்ப இன்ஜின் செத்துக் கிடக்கு. உள்ள வறண்டு போய்க் கிடக்கறப்போ அந்தச் சக்கரத்தை ரோட்டுல உருட்டி இழுத்தா என்னத்துக்கு ஆகும்? அத்தனை பல்லும் தேஞ்சு தூளாப் போயிரும். வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள ஒண்ணும் மிஞ்சாது!”

“அப்ப என்ன செய்யணும்?”

“காரைக் கையால பின்னால தள்ளணும். மெதுவாத் திருப்பணும். முன் சக்கரம் ரெண்டையும் தரையில படாமத் தூக்கி வச்சுக்கணும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடணும். அப்புறம் அவசரப்படாமப் போகணும்.”

“பின் சக்கரம்?”

“அது தரையில உருண்டு வரட்டும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு என்ன பாரம்?”

“ஓடற காலத்துல?”

“ஓடற காலத்துலயும் அப்படித்தான். இழுக்கறதெல்லாம் முன் சக்கரம். பின்னால இருக்கறது சும்மா கூட வரும்.”

“இத்தனை வருஷமுமா?”

“இத்தனை வருஷமும்தான்!” என்று கத்தினார் ஆவுடையப்பன். “என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“நான் வண்டியைக் கேக்கலை அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் திரும்பிக் காரைப் பார்த்தார்.

காருக்குள் உலகம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடித்த முழங்காலில் சேலைக்கு மேலே உள்ளங்கையை வைத்திருந்தாள்.

செல்வினுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. அவனுக்கு அடுத்த சவாரி இருந்தது.

“அண்ணாச்சி, நீங்க சொன்னபடியே முன்னாலயே தூக்குதேன். அக்காவை எறங்கச் சொல்லுங்க. ஆளை உள்ள வச்சுத் தூக்கக்கூடாது.”

ஆவுடையப்பன் திறந்து கிடந்த கதவுப் பக்கம் போனார். கையை நீட்டினார். என்ன நினைத்தாரோ, நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சலவை வேட்டியோடு அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்தார், அவள் காலடியில்.

செல்வின் பார்த்தான், காத்திருந்தான், செருமினான்.

“அண்ணாச்சி, எனக்கு நேரமாகுது.”

“ஆகட்டும்ல,” என்றார் ஆவுடையப்பன். “அவ எறங்கும்போது எறங்கட்டும்.”