பூசங்குடி விதானத்துக்கு ஆதாரம் தேடியது

உலகத்தில் முட்டாள்கள் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் திரிகிறார்கள். மேலப்பூசங்குடியில் மட்டும் ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டு சங்கமாக இயங்கினார்கள். கலைப் பாதுகாப்பு மன்றம் என்று பெயர். மருதையா தலைவர், பிச்சாண்டி செயலாளர், உலகநாதன் பொருளாளர். சாதாரண உறுப்பினர் யாரும் கிடையாது. பதவிகள் தீர்ந்துபோனதால் சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள்.

மன்றம் பாதுகாத்து வந்த கலை ஒன்றே ஒன்று. சிவன் கோயில் முன்மண்டபத்து விதானத்தில் பழைய காலத்து ஓவியன் எவனோ ஒரு யானை ஊர்வலம் தீட்டியிருந்தான். ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு தவில்காரர். அவர் மூக்கு அச்சு அசலாக மருதையாவின் மூக்கு. ஆகவே அவர் தம் முப்பாட்டனார் என்பது மருதையாவின் முடிவு. படத்திலிருந்த யானைகள் எதுவும் இதை மறுக்கவில்லை.

அந்த மூக்குக்கு ஆபத்து வந்தது. கும்பாபிஷேகம் நெருங்க, திருப்பணிக் கமிட்டித் தலைவரான ரைஸ்மில் தியாகேசன், விதானம் அழுக்காக இருக்கிறது, சனிக்கிழமை சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று அறிவித்தார். மன்றம் அவர் முன் போய் நின்றது. தியாகேசன் நியாயஸ்தர்.

"இது பெரிய சமாச்சாரம்னு படிச்சவங்க யாராச்சும் எழுதியிருந்தா கொண்டாங்கய்யா. விட்டுடறேன். யூனிவர்சிட்டி லைப்ரரியிலேருந்து வரணும். செல்போன்ல பாத்தேன்னு வந்து நிக்கக் கூடாது."

மூவரும் பஸ் ஏறினார்கள்.

பல்கலைக்கழக நூலகத்தில் கமலவேணி என்கிற நூலகர் அவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். முதலில் பொதுவாகத் தேடுங்கள், நிறைய வந்தால் குறுக்கிக்கொண்டே போங்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மன்றம் 'ஓவியம்' என்று தட்டியது. ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. 'யானை ஓவியம்' என்றதும் நூற்றுக்கணக்காகச் சுருங்கியது. 'பூசங்குடி யானை ஓவியம்' என்றதும் ஒரே ஒரு கட்டுரை நின்றது. பிச்சாண்டி விடவில்லை. 'மருதையா முப்பாட்டனார் மூக்கு' என்று தட்டினார். திரை வெறுமையாயிற்று. மூவரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த கமலவேணியிடம் பிச்சாண்டி, "சுத்தமா குறுக்கியாச்சும்மா. இனிமே குறுக்க ஒண்ணும் பாக்கியில்லே" என்றார்.

கமலவேணி பொறுமைசாலி. ஒரு புத்தகத்தை நம்பலாமா என்பதை அதன் கடைசிப் பக்கங்களைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம் என்றார். அங்கே ஆதாரங்கள் பெயர் பெயராக இருக்கவேண்டும், யார் வேண்டுமானாலும் தேடிப்போய்ச் சரிபார்க்க முடியவேண்டும். மன்றம் அலமாரிகளுக்குள் புகுந்து, அவர் சொன்ன இலக்கணத்துக்கு எள்ளளவும் பிசகாத ஒரு நூலைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்தது. அது பழைய டெலிபோன் டைரக்டரி.

"முதல் பக்கத்திலேருந்தே ஆதாரம்தான்மா. ஒவ்வொருத்தருக்கும் விலாசம் போட்டிருக்கு" என்றார் உலகநாதன்.

கடைசியில் கமலவேணியே அந்த ஒற்றைக் கட்டுரையைத் தேடி எடுத்துவந்தார். இது ஆய்விதழில் வந்தது, மற்ற அறிஞர்கள் படித்துக் குறை கண்டுபிடித்துத் திருத்திய பிறகே வெளியிட்டிருக்கிறார்கள் என்றார். குறை கண்டுபிடிக்காமல் வாங்கக் கூடாதுபோலும் என்று மன்றம் அங்கேயே கூடி உட்கார்ந்தது.

"நூத்தி நாப்பத்தேழாம் பக்கத்திலே ஆரம்பிக்குது. முன்னாடி உள்ளதை ஏன் மறைச்சான்?" என்றார் உலகநாதன்.

"சரி, குறை கிடைச்சிடுச்சு. அப்ப இது நல்ல கட்டுரைதான்" என்று மருதையா தீர்ப்புச் சொன்னார்.

இரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கமலவேணி, வாசல்வரை வந்து ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார். "முழுசாப் படிங்க சார். நமக்குப் பிடிச்ச வரியை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடக் கூடாது."

அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பஸ்ஸில் பிச்சாண்டி உரக்கப் படித்தார். முதல் பக்கத்திலேயே, பூசங்குடி விதானம் அருமையிலும் அருமை, எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டியது என்று இருந்தது. மருதையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிச்சாண்டி மேலே படித்தார். வேறொரு ஊர்க் கோயிலில் ஓவியத்தின்மேல் எந்தக் காலத்திலோ யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அறிஞர்கள் அதைப் பக்குவமாகச் சுரண்டியபோது, உள்ளே வண்ணமெல்லாம் நேற்றுத் தீட்டியதுபோல் இருந்தது. மூடாமல் விட்ட ஓவியங்களோ புகையிலும் வௌவால் எச்சத்திலும் வீணாகிவிட்டன.

மன்றம் பஸ்ஸிலேயே கூடியது.

"அப்ப தியாகேசன் சொன்னது சரிதானா?" என்றார் உலகநாதன்.

"அவரு அழிக்கறதுக்கு அடிக்கறேங்கறாரு. காப்பாத்தறதுக்கு அடிக்கறது வேற" என்றார் பிச்சாண்டி.

"அப்படின்னா அவரு அழிக்கறதுக்குள்ள நாம அடிச்சிடணும்" என்றார் மருதையா.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பிரதியை ரைஸ்மில்லில் கொடுத்துவிட்டு, மூவரும் சாரம் கட்டி ஏறினார்கள். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. மூக்கு இருந்த இடத்துக்கு மருதையா தம் கையாலேயே இரண்டு பூச்சு கொடுத்தார்.

தியாகேசன் கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்தார். படித்தவர் மனம் மாறிச் சுண்ணாம்பு ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் மருதையாவுக்குப் போர்த்த ஒரு பொன்னாடையோடு மண்டபத்துக்கு வந்தார். வந்து அண்ணாந்து பார்த்தார். விதானம் பால்போல் இருந்தது.

"படம் எங்கேய்யா?"

"பத்திரமா உள்ளே இருக்குங்க" என்றார் மருதையா.

"உள்ளே இருக்குன்னு வர்றவனுக்கு எப்படிய்யா தெரியும்?"

நியாயமான கேள்வி. மன்றம் அங்கேயே கூடி விவாதித்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதையே வெளியே எழுதிவைப்பது என்று தீர்மானித்தது. பஸ் ஸ்டாண்டு பெயிண்டர் சூசை வந்து, மூவரும் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, சுண்ணாம்பின்மேல் யானை ஊர்வலத்தைத் தீட்டினார். யானைகள் அரிசி மூட்டையில் அச்சடித்திருக்கும் யானைகளைப்போல் அமைந்துவிட்டதில் தியாகேசனுக்குச் சந்தோஷம். பொன்னாடையை சூசைக்குப் போர்த்தினார்.

கும்பாபிஷேகம் முடிந்ததும் உலகநாதன் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்தார். மூடாத ஓவியம் வீணாகும் என்று அறிஞர் எழுதியிருக்கிறாரே, இது இப்படித் திறந்து கிடக்கலாமா என்றார். மறுபடியும் சுண்ணாம்பு அடித்தார்கள். அடித்தபின் உள்ளே இருப்பது வெளியே தெரியவேண்டாமா? சூசையைக் கூப்பிட்டார்கள்.

இப்படியே திருவிழாவுக்குத் திருவிழா பூச்சின்மேல் பூச்சு ஏறிவருவதில் விதானம் நன்றாகக் கீழே இறங்கிவிட்டது. மண்டபத்தில் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது. ஊரில் பணிவு பெருகிவிட்டது, எல்லோரும் குனிந்தே சந்நிதிக்கு வருகிறார்கள் என்று தியாகேசன் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். குருக்கள் மட்டும் உயரமானவர். போகவர முடியவில்லை என்று முறையிட்டார். ஓவியத்தின்மேல் கைவைக்காமல் மண்டபத்தை உயர்த்த என்ன வழி என்று மன்றம் கூடி ஆலோசித்தது. இப்போது தரையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.