மார்கழியில் தோண்டுகிறேன் என்ற கரடி

வெக்கரை என்றொரு காடு இருந்தது. காடு என்றதும் அருவி, மூங்கில், குளுகுளு நிழல் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே முள்ளும் பாறையும்தான் அதிகம். நடுவில் ஒரே ஒரு குட்டை. அதை விட்டால் இரண்டு நாள் நடந்து ஆற்றுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் காட்டில் சடைச்சி என்ற கரடி வாழ்ந்தாள். உடம்பெல்லாம் கறுத்துத் தொங்கும் முடி. குளிர்காலத்தில் அது நல்ல கம்பளி. கோடையிலும் அது கம்பளிதான்! கழற்றிப் போடவா முடியும்?

பங்குனி பிறந்துவிட்டால் சடைச்சியின் புலம்பலும் பிறந்துவிடும்.

"ச்சே! இதெல்லாம் ஒரு காலமா? இந்தக் கோடை இல்லைன்னு யார் அழுதாங்க? வருஷத்துல பன்னிரண்டு மாசமும் மார்கழியா இருந்தா ஆகாதா!"

அவளைக் குறை சொல்ல எனக்கும் மனமில்லை. வெயிலில் அலுத்துப் போகாதவர் யார்? இதைச் சொல்கிற நானும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் மற்றவர்கள் அலுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தார்கள். சடைச்சிக்கோ அலுத்துக்கொள்வதே வேலையாகிவிட்டது.

வெக்கரைக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் குட்டைத் தண்ணீர் வற்றிக்கொண்டே வரும். நெட்டையன் என்ற கொக்கு தினமும் நடுவில் போய் நின்று பார்ப்பான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு இறங்கிய அன்று, "முழங்கால் நாள்! முழங்கால் நாள்!" என்று கத்துவான். உடனே எல்லா விலங்குகளும் தூர்வார வந்துவிட வேண்டும். மழைத் தண்ணீர் அடித்து வந்த வண்டலைக் காட்டுப்பன்றிகள் மூக்கால் கிளறும். மான்கள் குளம்பால் தள்ளும். முயல்கள் பின்காலால் உதைத்து வெளியே எறியும்.

குட்டையின் நடுவில் மட்டும் ஒரு ஆழமான குழி. அதன் அடியில்தான் ஊற்றுக்கண் இருந்தது. அங்கே களிமண் இறுகிக் கல்லாகக் கிடக்கும். அதை உடைக்கக் கரடியின் நகத்தால்தான் முடியும். புற்றை உடைப்பது போலவே சடைச்சி அதையும் உடைப்பாள். நகத்தால் ஒரு பறி பறிப்பாள். 'புஸ்' என்று ஊதி மண்ணைத் தள்ளுவாள். மறுபடி ஒரு பறி, மறுபடி ஒரு ஊது. அவளுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

அந்த வருஷமும் நெட்டையன் கத்தினான். எல்லாரும் வந்தார்கள். சடைச்சி வரவில்லை.

கட்டையன் என்ற காட்டுப்பன்றி அவள் குகைக்குப் போனான்.

"அக்கா, முழங்கால் நாள் வந்துருச்சு. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க. வாங்க!"

"இந்த வெயில்லயா? என்னை வறுத்துத் தின்னலாம்னு பார்க்கிறீங்களா?"

"எனக்கும்தான் சுடுது அக்கா."

"உனக்கென்னடா, சேத்துல புரண்டு எந்திரிச்சிருவே. மார்கழி வரட்டும்! சில்லுனு காத்தடிக்கும்போது ஒரே நாள்ல முழுக் குழியையும் தோண்டித் தர்றேன். சொன்னா சொன்னதுதான்!"

கட்டையன் பெருமூச்சு விட்டுத் திரும்பினான். வெயிலில் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே!

அடுத்து மெல்லப்பன் என்ற ஆமை கிளம்பினார். அவருக்கு அந்தக் குழிதான் வீடு. கோடை முற்றியதும் குழியின் அடிச்சேற்றில் புதைந்து தூங்குவார். மழை வந்தால்தான் எழுவார். அடியில் ஈரம் இல்லை என்றால் தூக்கத்திலேயே காய்ந்து போவார். அதனால் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பி, வியாழக்கிழமை குகைக்கு வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஊற்றுக்கண் பாதி அடைஞ்சு போச்சு. இந்த வருஷம் எப்படியோ ஓடிரும். அடுத்த வருஷம் என் கதி என்னம்மா?"

"மார்கழியில தோண்டுறேன்னு சொல்லிட்டேனே அண்ணே! கட்டையன் சொல்லலையா?"

"மார்கழியில அங்கே தண்ணி நிக்குமேம்மா?"

"நிக்கட்டுமே! தண்ணியும் சில்லுனு இருக்கும்!"

மெல்லப்பன் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"மார்கழியில நிச்சயம் தோண்டுவியா?"

"நிச்சயம் அண்ணே. நீங்க நிம்மதியாத் தூங்குங்க!"

அவர் நம்பிவிட்டார். வந்த வழியே இரண்டு நாள் நடந்து, சேற்றில் புதைந்து, நிம்மதியாகத் தூங்கினார்.

சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை அடித்தது. அப்படி ஒரு மழையை அந்தக் காடு கண்டதில்லை. குட்டை பாதி நிறைந்தது. சடைச்சி மழையில் நனைந்துகொண்டே கூத்தாடினாள்.

"பார்த்தீங்களாடா! தோண்டாமலே தண்ணி வந்துருச்சு! நீங்கல்லாம் வெட்டியா வெயில்ல வெந்தீங்க!"

முதுகு உரிந்து போயிருந்த கட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐப்பசியில் பெருமழை பெய்தது. குட்டைக்குள் தண்ணீரோடு மண்ணும் வந்தது. ஏற்கெனவே பாதி அடைந்திருந்த நடுக்குழியில் இன்னும் ஒரு பெரிய அடுக்கு வண்டல் போய்ப் படிந்தது. மேலே தண்ணீர் பளபளவென்று நின்றதால் யாருக்கும் அது தெரியவில்லை.

ஒருவழியாக மார்கழி வந்தது. பனி இறங்கியது. பாறையெல்லாம் சில்லிட்டது.

"ஆகா! இதுவல்லவோ காலம்!" என்று சடைச்சி குகையை விட்டு வந்தாள். அவள் சொன்ன சொல் தவறாதவள்தான். நேராகக் குட்டைக்குப் போய் நடுவில் இறங்கினாள். தண்ணீர் அவள் கழுத்தளவு இருந்தது. தலையை முக்கி, நகத்தால் ஒரு பறி பறித்தாள். வழக்கம்போல 'புஸ்' என்று ஊதினாள்.

குபுகுபுவென்று நீர்க்குமிழிகள்தான் வந்தன! பறித்த சேறு கரைந்து, சுற்றிச் சுழன்று, அதே குழியில் மெதுவாக உட்கார்ந்தது. மறுபடி பறித்தாள். மறுபடி ஊதினாள். மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மல்தான் வந்தது.

கரையில் நின்ற நெட்டையன் கேட்டான்: "சடைச்சியக்கா, குட்டைக்கு என்ன, கஞ்சி ஆத்துறீங்களா?"

தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சடைச்சி நடுங்கிக்கொண்டே கரையேறினாள். "தை வரட்டும். தண்ணி கொஞ்சம் வடியட்டும்," என்று முனகினாள்.

தை பிறக்கும் முன்பே அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. உள்ளங்கை அளவுதான் இருந்தது. கண்கூடத் திறக்கவில்லை. அதன் நெஞ்சில் ஒரு வெள்ளைத் தடம் இருந்ததால் பொட்டு என்று பேர் வைத்தாள். பால்குட்டியை விட்டுவிட்டு எந்தக் கரடி வெளியே போகும்? தை போனது. மாசியும் போனது. அவள் ஆசையாகக் காத்திருந்த குளிர்காலத்தின் மிச்சம் முழுவதும் குகைக்குள்ளேயே கழிந்தது. பாவம், அதன்பிறகு ஒரு நாள்கூட அவள் வெளியே நின்று அந்தக் குளிர்காற்றை அனுபவிக்கவில்லை.

பங்குனி முதல் வாரத்தில் பொட்டுவை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் குட்டைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குட்டையின் நடுவில் குழியைக் காணோம்! எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. தட்டில் ஊற்றிய தண்ணீர் போல அங்கங்கே கொஞ்சம் மினுங்கியது. பங்குனி முடிவதற்குள் அதுவும் போனது. முழங்கால் நாள் என்று கத்த நெட்டையனுக்கு வேலையே வைக்காமல் குட்டை வறண்டு வெடித்தது.

மான்கள் ஆற்றுக்குக் கிளம்பின. பன்றிகளும் கிளம்பின. கட்டையன் கடைசியாக வந்து நின்றான்.

"அக்கா, நீங்களும் வாங்க. ரெண்டு நாள் நடைதான்."

"பால் கொடுத்துக் கொடுத்து நானே வத்திப் போயிட்டேன்டா. இவளைச் சுமந்துக்கிட்டு அந்தப் பாறை மேல எப்படி நடப்பேன்? வழியில நான் விழுந்தா இவளும் போயிருவா."

"அப்படின்னா இங்கேயே இருங்க! மார்கழி வர்ற வரைக்கும் இருங்க!" என்று கட்டையன் சீறினான். பிறகு அவள் முதுகில் தலை தொங்கக் கிடந்த குட்டியைப் பார்த்தான். சொன்னதற்காக வருந்தினான். ஆனால் அவனுக்கும் ஆறு குட்டிகள் இருந்தன. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

காடு காலியாயிற்று. பொட்டு பாலுக்குத் தேடினாள். பால் வரவில்லை. சின்ன நாக்கை நீட்டித் தாயின் மூக்கில் இருந்த ஈரத்தை நக்கினாள்.

சடைச்சி எழுந்தாள். நேராகக் குட்டையின் நடுவுக்குப் போனாள்.

இரவில் தோண்டலாம்தான். ஆனால் இரவில் சிறுத்தை சுற்றும். அவள் தலையைக் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தால் பின்னால் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும். சிறுத்தை தூங்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான். உச்சி வெயில்!

எந்த வெயிலுக்குப் பயந்து ஒளிந்தாளோ அதே வெயிலில், கம்பளி போர்த்திய உடம்போடு சடைச்சி தோண்டினாள். ஒரு பறி, ஒரு ஊது. ஒரு பறி, ஒரு ஊது. சுற்றிலும் ஒரு மரமில்லை. தன் உடம்பு நிழலிலேயே பொட்டுவைப் படுக்க வைத்தாள். சூரியன் நகர நகர நிழலும் நகர்ந்தது. குட்டி நிழலோடு நகர்ந்தது. சடைச்சியும் இடம் மாறி மாறித் தோண்டினாள். அதனால் குழி நல்ல வட்டமாக வந்தது.

மாலையில் ஆற்றிலிருந்து பறந்து வந்த நெட்டையன் குழியின் ஓரத்தில் நின்று பார்த்தான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

"முழங்காலெல்லாம் வேண்டாம் அக்கா. என் கால் நகம் நனைஞ்சாப் போதும், உடனே சொல்றேன்," என்றான்.

முதல் நாள் நனையவில்லை. இரண்டாம் நாளும் நனையவில்லை. ஆற்றுக்குப் போனவர்களில் சில மான்கள் வழியிலேயே விழுந்துவிட்டதாக நெட்டையன் சேதி கொண்டு வந்தான். சடைச்சி மறுபடி குனிந்து தோண்டினாள். அவள் நகங்களில் இரண்டு உடைந்திருந்தன. வெயிலைத் திட்டுவதைக்கூட அவள் விட்டுவிட்டாள். ஊதுவதற்கே மூச்சுப் போதவில்லை. திட்டுவதற்கு மூச்சு ஏது?

மூன்றாம் நாள் உச்சியில் அவள் நகம் எதன் மீதோ 'டக்' என்று பட்டது. கல் என்று நினைத்தாள். சுற்றிலும் மண்ணைப் பறித்தாள். கல் இல்லை, ஓடு! அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. 'ஐயோ, மெல்லப்பண்ணே!' போன வருஷம் தூங்கப் போனவர், மேலே வண்டல் மூடியதால் மழைக்கும் எழுந்து வரவே இல்லை.

இரு கைகளாலும் அவரைத் தூக்கிக் குழியின் ஓரத்தில் மல்லாக்க வைத்தாள். கால்களும் தலையும் ஓட்டுக்குள் இழுபட்டுக் கிடந்தன. அசைவில்லை.

"அண்ணே! மெல்லப்பண்ணே! நான் பாவி அண்ணே! கண்ணைத் திறங்க!"

பொட்டு தள்ளாடித் தள்ளாடி அவர் அருகில் போனாள். அவர் வயிற்றை முகர்ந்தாள். பிறகு ஆவலோடு நக்கத் தொடங்கினாள். சடைச்சி குனிந்து பார்த்தாள். ஆமையின் அடிவயிறு ஈரமாக இருந்தது!

அவள் திரும்பிக் குழிக்குள் பார்த்தாள். மெல்லப்பன் படுத்திருந்த பள்ளத்தில் சேறு கசிந்துகொண்டிருந்தது. இன்னும் நான்கு பறி பறித்தாள். பொத்துக்கொண்டு வந்தது தண்ணீர்!

நெட்டையன் பறந்து இறங்கினான். "நகம் நனைஞ்சிருச்சு! நகம் நனைஞ்சிருச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஆற்றுவழியில் தத்தளித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேதி சொல்ல அப்படியே பறந்தும் போனான்.

பொட்டு வயிறு முட்டக் குடித்தாள். சடைச்சி முதல் வாய்த் தண்ணீரைத் தான் குடிக்காமல், வாயில் ஏந்தி வந்து, மெல்லப்பனைக் குப்புறத் திருப்பி அவர் மேல் ஊற்றினாள். வெகுநேரம் கழித்து ஓட்டுக்குள்ளிருந்து தலை மெதுவாக வெளியே வந்தது. கண் பாதி திறந்தது. எதிரே, மண் அப்பிய முகத்தோடு கரடி நிற்பதைக் கண்டார். பக்கத்தில் புதிதாகத் தோண்டிய குழியையும் கண்டார். அவர் முகம் மலர்ந்தது.

"மார்கழி வந்துருச்சா தங்கச்சி?" என்று கேட்டார்.

சடைச்சி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

பிடித்த காலம் வரட்டும் என்று வேலையைத் தள்ளி வைத்தால், பிடித்த காலம் வந்து சேரும்போது வேலைக்கான காலம் போய்விட்டிருக்கும்.