வேலிக்குள் அக்கா

குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்தொன்று. ஊர் சிரித்தது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குருவின் பெயர் வடிவாம்பாள். எல்லோருக்கும் அம்மா. காவி கட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். தாமிரபரணிக் கரையில் நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் அவருடைய ஆசிரமம்.

சீடர் ஏகாம்பரம் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் இருமினால் மூன்று வகுப்பறைகள் அடங்கும் என்று பேர். ஓய்வு பெற்ற கையோடு ஞானத்தையும் வாங்கிவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தார். பென்ஷன் உத்தரவு போல அதுவும் மூன்று மாதத்தில் வந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

வந்த மூன்றாம் நாளே கேட்டுவிட்டார். "அம்மா, கண் முன்னால இருக்கறதை அப்படியே பார்க்கறது எப்படி?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "குழந்தைங்க கூடத்துக்கு ஆளில்லை. கொஞ்ச நாள் அதைப் பாத்துக்கோங்க சார்."

சமையல்கட்டில் வேலை செய்யும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் அறை அது. ஏகாம்பரத்துக்கு உள்ளூர வருத்தம். உபதேசம் கேட்டால் ஆயா வேலை கிடைக்கிறதே என்று. ஆனாலும் போனார்.

அங்கே ஐந்தாறு பிள்ளைகள். அதில் இரண்டு, சமையல் செய்யும் செல்லக்கனியின் பிள்ளைகள். மூத்தவள் நித்திலாவுக்கு எட்டு வயது. இளையவன் முகிலனுக்குப் பதினோரு மாதம். அவனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். வாயில் வைத்துப் பார்த்தவை, இன்னும் வைக்காதவை.

நித்திலாவிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. ஆற்றில் ஒரு வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்த ஐந்து தட்டாங்கல், பன்னிரண்டு சோழி, ஒரு கோலிக்குண்டு, பொம்மையின் செருப்பு ஒரு ஜோடி. ஏகாம்பரம் முதல் நாளே பையைப் பறித்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதினார்: 'கூடத்தில் சிறு பொருட்களுக்கு அனுமதி இல்லை.'

முகிலனுக்குப் படிக்கத் தெரியாது. நித்திலாவுக்குத் தெரியும். அவள் படித்தாள். மறுநாள் பெட்டி திறந்திருந்த அரை நிமிடத்தில் கைக்கு அகப்பட்டதை அள்ளி, கூடத்தில் கிடைத்த இடத்திலெல்லாம் ஒளித்து வைத்தாள்.

பத்தாம் நாள் காலை. ஏகாம்பரம் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாய்மேல் முகிலன் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். சட்டென்று அந்தப் பேச்சு நின்றது.

திரும்பிப் பார்த்தார். குழந்தை வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஏகாம்பரம் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார். "அம்மா" என்று கத்திக்கொண்டே குழந்தையின் வாய்க்குள் விரலை விடப் போனார். ஓடி வந்த அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விரலை விடாதீங்க. தெரியாம விட்டா இன்னும் உள்ளதான் தள்ளுவீங்க."

அம்மா தரையில் உட்கார்ந்தார். முகிலனைக் குப்புறத் திருப்பி, தலை தாழ்ந்திருக்க, தன் முன்கை நெடுகப் படுக்கவைத்துத் தாடையைத் தாங்கிப் பிடித்தார். மறு உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தட்டில் ஒரு சோழி தரையில் விழுந்து உருண்டது.

முகிலன் வீறிட்டு அழுதான். அதைவிட நல்ல சத்தம் ஒன்றை ஏகாம்பரம் வாழ்நாளில் கேட்டதில்லை.

செல்லக்கனி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். விஷயம் புரிந்ததும் நித்திலாவின் முதுகில் இரண்டு வைத்தாள்.

"ஸ்கூல் தொறக்கட்டும். ஒன்னை ஹாஸ்டல்ல கொண்டு விட்டுருதேன். ஒரு பிள்ளையாவது எனக்கு உசுரோட இருக்கட்டும்."

நித்திலா அழவில்லை. தம்பிக்கு மூச்சு வருகிறதா என்று அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துரு" என்று தாயையும் பிள்ளைகளையும் அனுப்பி வைத்தார் அம்மா. கூடம் காலியானது. ஏகாம்பரம் வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"நான் தினமும் பார்த்தேன் அம்மா. ஒரு இடம் விடலை. அந்தப் பொண்ணு ஒளிச்சு வச்சுட்டா."

"ஒரு இடம் விடலையா?"

"விடலை."

அம்மா கையையும் முழங்காலையும் ஊன்றித் தரையில் தவழ ஆரம்பித்தார். இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க."

"நானா?"

"முகிலனைக் கூப்பிடலாம்தான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்."

ஏகாம்பரம் கதவைச் சாத்திவிட்டு வந்து மண்டியிட்டார். இருபது நாற்காலிகளும் ஒரு மேசையும் அவருக்கு மேலே எழுந்து நின்றன. பத்து நாளாகப் பார்த்த அறை இல்லை இது. பீரோவுக்கு அடியில் இரண்டு தட்டாங்கற்கள். பெஞ்சுக் காலோரம் பொம்மைச் செருப்பு. பாயின் மடிப்பில் மூன்று சோழி. ஜன்னலடியில் வெடித்த பலூன் துண்டு. மேசைக்கு அடியில், முகிலன் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு சிவப்புப் பேனாவின் மூடி.

அம்மா அந்த மூடியை எடுத்தார். "இது யாருது?"

"என்னுது."

"நித்திலா ஒளிச்சு வச்சாளா?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். நான்கு காலில் நிற்பவருக்கு வேறு எங்கும் பார்க்கவும் முடியாது.

சாயங்காலம் செல்லக்கனி திரும்பி வந்தாள். முகிலனுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அவளிடம் பள்ளிக்கூடம் திறக்கும்வரை பொறுத்துப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னார். பொறுக்கிறேன், ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு நித்திலா கிளம்பியாக வேண்டும் என்றாள் செல்லக்கனி. பிள்ளையைப் பறிகொடுக்க இருந்தவளிடம் அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

மறுநாள் மூங்கில் வந்து இறங்கியது. குருவும் சீடரும் சேர்ந்து கூடத்தின் மூலையில் வேலி கட்டினார்கள். இடுப்பளவு உயரம், குழந்தைக் கை நுழையாத இடைவெளி, கீழே எதுவும் உருண்டு வெளியேறாதபடி ஒரு முழப் பலகை. ஏகாம்பரம் ஸ்கேல் வைத்து அளந்து கட்டினார். முகிலனை அடைத்து வைக்கத்தான் என்று சமையல்கட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஏகாம்பரத்தின் எண்ணமும் அதுதான்.

வேலை முடிந்ததும் அம்மா நித்திலாவைத் தூக்கி வேலிக்குள் விட்டார். மஞ்சள் பையை அவளிடம் கொடுத்தார்.

"இது ஒன் இடம். இதுக்குள்ள ஒன் சாமானை யாரும் தொட மாட்டாங்க. வெளிய வரும்போது என்ன செய்யணும்?"

நித்திலா யோசித்தாள். "எண்ணிட்டு வரணும்."

"ஒண்ணு கொறஞ்சா?"

"கெடைக்கிற வரைக்கும் தம்பியை யாராவது தூக்கி வச்சுக்கணும்."

அம்மா மூன்று விரல் நுழையும் ஒரு மூங்கில் குழாயை அவளிடம் நீட்டினார். "இதுக்குள்ள போற எதுவும் தம்பி இருக்கற தரையில கெடக்கக் கூடாது. இதுக்குள்ள போகாததும் பிஞ்சு போனா சின்னதாயிரும். அதையும் பாத்துக்கோ."

ஏகாம்பரம் தன் கையாலேயே கரும்பலகையை அழித்தார்.

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. நித்திலா வேலிக்குள் ராணி போல உட்கார்ந்து கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். முகிலன் வெளியே மூங்கிலைப் பிடித்து நின்று ஒவ்வொரு கல்லுக்கும் கெக்கெக்கே என்று சிரிப்பான். அவள் குழாயும் கையுமாக வெளியே வந்தால் கூடமே அதிரும். சட்டைப் பொத்தான், மாத்திரை, நிலக்கடலை, உடைந்த காரின் சக்கரம், எதுவும் தப்பாது. ஏகாம்பரம் தினம் மூன்று வேளை தவழ்ந்தார். முழங்கால் காய்த்துப்போனது.

"சார், பெஞ்சுக்கு அந்தாண்ட பாக்கல."

"பார்த்தேன் தாயி."

"பாக்கல. தலையைத்தான் திருப்புனீங்க."

முப்பது வருடம் மற்றவர்களைத் திருத்தியவர், தவழ்ந்தே பெஞ்சுக்கு அந்தாண்டை போனார்.

வைகாசிப் பௌர்ணமி வந்தது. அன்று ஆசிரமத்தில் அன்னதானம். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. செல்லக்கனி ஹாஸ்டலில் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தகரப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. நித்திலா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் ஏகாம்பரத்தை அறுத்தது.

கூட்டம் கூடத்திலும் நிரம்பி வழிந்தது. இருநூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகளையெல்லாம் தூணோரம் ஒரு ஜமுக்காளத்தில் விட்டிருந்தார்கள். அதில் முகிலனும் ஒருவன். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன், ஒன்பது வயது இருக்கும், கையில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான்.

நித்திலா அவனிடம் போனாள். "என்ன ஆச்சு?"

"கார் ஓட மாட்டேங்குது."

"ரிமோட்டுக்குப் பின்னால மூடி எங்க?"

"எங்கயோ விழுந்துட்டு. உள்ள இருந்த பேட்டரியும் விழுந்துட்டு. பட்டன் மாதிரி இருக்கும்."

"எப்ப விழுந்துச்சு?"

"இப்பதான். இங்கதான்."

நித்திலா திரும்பினாள். அவளுடைய குரல் கூடத்தின் கடைசி இலைவரை போனது.

"எல்லாரும் அப்படியே இருங்க. யாரும் நடக்கக் கூடாது."

பையனின் அப்பா சிரித்தார். பெரிய அதிகாரி, ஏகாம்பரத்தின் பழைய மாணவர். "ஒரு சின்ன பேட்டரி பாப்பா. போனாப் போகுது, வேற வாங்கிக்கிடலாம்."

"வாங்கலாம். அது ஒரு குழந்தை தொண்டையில மாட்டுனா கொஞ்ச நேரத்துல அரிச்சுப் புண்ணாக்கிரும்" என்றார் அம்மா.

சிரிப்பு நின்றது. இருநூறு பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தனை பேர் நடுவில், இலைகளுக்கு இடையே, தரையில் இறங்கினார்.

"சார், எந்திரிங்க சார். எல்லாரும் பாக்காங்க" என்று பதறினார் அதிகாரி.

"நீயும் இறங்கினா சீக்கிரம் கிடைக்கும்."

ஏகாம்பரம் கன்னத்தைத் தரையில் வைத்து நோக்கினார். எதிர்ப்பக்கம் நித்திலாவும் கன்னத்தை வைத்திருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஜமுக்காளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மினுக்கல். ஆனால் முகிலன் அவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டான். எடுத்தும் விட்டான்.

"ஏலே முகிலா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள் செல்லக்கனி. கத்தினால் பிள்ளை பயந்து வாயில் போட்டுக்கொள்வான்.

நித்திலா தாயைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். அவ்வளவுதான். ஓடி வந்த செல்லக்கனி அப்படியே நின்றாள்.

பக்கத்தில் காலி வாளி ஒன்றில் எவர்சில்வர் அகப்பை கிடந்தது. நித்திலா அதை எடுத்து, தம்பிக்கு எதிரே மெல்ல உட்கார்ந்து, தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். டங். முகிலன் நிமிர்ந்தான். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. இன்னொரு டங். அகப்பையை அவன் பக்கம் நீட்டினாள்.

முகிலன் பேட்டரியைப் பார்த்தான். அகப்பையைப் பார்த்தான். இவ்வளவு பெரிய சாமானை விட்டுவிட்டு இத்தனூண்டை வைத்துக்கொள்ள அவனுக்கு என்ன பைத்தியமா? பேட்டரியைக் கீழே போட்டான். நித்திலாவின் உள்ளங்கை அதன்மேல் விழுந்து மூடியது.

யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு பந்தியே தட்டியது. எச்சில் கைக்காரர்கள் தொடையில் தட்டினார்கள். நித்திலா எதையும் கவனிக்காமல், பையனுக்குக் காட்டுவதற்காகப் பேட்டரியை மூங்கில் குழாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் போட்டது அந்தப் பக்கம் அவள் கையில் விழுந்தது. பையன் தன் சட்டைப் பையிலிருந்த மற்ற சாமான்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டினான். ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நிறைந்து போனது. தன் பள்ளிக்கூடம் மாநிலத்தில் முதலிடம் வந்த வருடம்கூட அவர் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

செல்லக்கனி முகிலனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மகளைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவிடம் போனாள்.

"திங்கக்கெழமை வாரோம்னு ஹாஸ்டல்ல சொல்லிட்டேன். அன்னைக்கு இவதான சோழியை ஒளிச்சு வச்சா..."

"இல்லை" என்றார் ஏகாம்பரம். இன்னும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பழைய மாணவருக்கும் ஊருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான் பூட்டினதாலதான் அவ ஒளிச்சா. என் பேனா மூடியும் உன் பிள்ளை கிட்டத்தான் கிடந்தது. ஹாஸ்டலுக்கு அனுப்பணும்னா என்னைத்தான் அனுப்பணும்."

செல்லக்கனிக்குக் கண் கலங்கியது. "இப்ப நான் என்னம்மா செய்ய?"

"அந்த ஹாஸ்டல்ல கைக்குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டார் அம்மா.

"ஹாஸ்டல்ல ஏதும்மா கைக்குழந்தை?"

"அப்ப அவளுக்கு அங்க என்ன வேலை?"